'டிக் டிக்' என்றால் பெட்டரி மாற்றுகிற சமூகமா நாம்?



கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறோம். மனசு நொந்தால் மன்னியுங்கள், ஆனால் முழுவதையும் வாசியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, எங்கள் பாதையில் ஒரு உம்மாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டு வேனின் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் பளிச்சென்று எரிகிறது, எஞ்ஜின் அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். அது ஒட்டோ கியர் வேன், விடியும் வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது! அதுகூடத் தெரியாமல் கால் மணித்தியாலம் போனது. கடைசியில் ஒரு த்ரீவீலில் ஏற்றி பெரகலை, அப்புத்தளை வளைவெல்லாம் தாண்டி தியத்தலாவைக்குக் கொண்டு போனோம். உம்மா பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அதற்கு முதலில் கோல் எடுக்க வேண்டும் என்பதும் அந்தப் பதற்றத்தில் எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் சத்தத்தைக் கேட்டே தீர்ப்பு வந்தது: "பெட்டரி போச்சு." புதுப் பெட்டரி போட்டார்கள். நாலாம் நாள் மீண்டும் "டக்". அடுத்த தீர்ப்பு: "ஸ்டார்ட்டர் மோட்டர் போச்சு." அதையும் மாற்றினார்கள். மீண்டும் "டக்". கடைசியில் பார்த்தால் எஞ்ஜினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட் துருப்பிடித்து இளகியிருந்தது. துருவைச் சுரண்டி இறுக்கியதும் வேலை முடிந்தது. சாமான் செலவு ஒரு சதமும் இல்லை.

இதில் கராஜ் பாஸைத் திட்டிவிட்டுப் போவது லேசு. நாம் அவரைத் திட்ட வரவில்லை, நம்மைத்தான் கேட்கிறோம். அரை மணித்தியாலம் மீட்டர் வைத்துப் பார்த்து "வயர் இளகியிருக்கு" என்று பாஸ் சொன்னால், அதற்கு ஆயிரம் ரூபா கொடுக்கிறோமா? "சும்மா இறுக்கினதுக்கு ஆயிரமா?" என்று சண்டை பிடிக்கிறோம். சாமான் மாற்றினால் மட்டும் பேசாமல் பல பத்தாயிரத்தை எண்ணிக் கொடுக்கிறோம். பார்த்துச் சொல்லும் அறிவுக்குக் கூலி கொடுக்காதவனுக்கு சாமான்தான் விற்கப்படும். பிழை முதலில் நம்முடையது.

"லைட் எரியுதே, அப்ப கரண்ட் பாதை நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். சாதாரண தரப் பிள்ளையிடம் கொடுங்கள் இந்தக் கணக்கை. இளகிய இணைப்பின் தடை 0.02 ஓம் என்று வையுங்கள். லைட்டுக்கு 5 அம்பியர் போனால் இழப்பு 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது அதே இணைப்பில் இழப்பு 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 போனால் மோட்டர் எப்படிச் சுற்றும்? ஓமின் விதியை வகுப்பில் மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிவிட்டு, வாசலில் நிற்கும் வாகனத்தில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பெட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டேர்மினல் இளகியிருக்கிறது. ஒரே "டக்" என்றால் ஸ்டார்ட்டர், அதன் சொலினொய்ட், மொத்த வயர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப் போனால் பெட்டரிப் பக்கம். மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர், எர்த் பக்கம். அந்த வேன் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

பிறகு மீட்டர். சில மணித்தியாலம் நின்ற வாகனத்தில் 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரியைச் சந்தேகியுங்கள். எஞ்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இல்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை, புதுப் பெட்டரியும் சாகும். டேர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவித் துடைத்து, மைனஸைக் கடைசியில் பூட்டுங்கள். ஹைபிரிட் வாகனத்தின் பெரிய பெட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள், அது தெரிந்தவர் வேலை.

"இதெல்லாம் பெரிய விசயமா சேர்?" என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022ல் எண்ணெய் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தோம். நம் பாதையில் ஓடுவதெல்லாம் களைத்த வாகனங்கள், மேலே குளிர் வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கியது நமது ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான். மழையில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டும். அந்த நேரம் "டக்" என்று சொல்லும் வேனில் யாரை ஏற்றுவது?

வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து மீட்டரோடு பள்ளி முன்னால் நிற்கிறோம். எந்த சமூகத்தவரும் வாகனத்தோடு வரலாம், பார்த்துக் கொடுக்கிறோம், காசு வேண்டாம். ஆனால் கராஜுக்குப் போனால் பாஸிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: "பார்த்துச் சொல்லுங்க, பார்த்ததுக்குக் காசு தாறோம்."