எந்த நாட்டில் குடியேறுவது?

செஞ்சிப் பக்கத்திலிருந்து இஞ்சினீயரிங் படித்துத் தேறிய வாலிபர் சிலர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, வெளிநாடு போய் நிரந்தரமாய்க் குடியேறுவதானால் எந்த நாட்டைத் தெரிந்தெடுப்பது என்று நமது அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, துபாய் என்று கட்டம் போட்டு, சம்பளம், வாடகை, குளிர், கோவில், "நம்மவர்கள்" என்று தலைப்புக் கொடுத்து எழுதியிருந்தார்கள்.

"நாடு படிக்க வைத்தது, நீ ஓடிப் போகிறாயா?" என்று இவர்களைத் தேசத் துரோகிகளாக்கும் பேச்சு நமக்குச் சம்மதமில்லை. படிப்புக்குக் கடன்பட்டவர் மல்லாட்டை பயிரிட்ட தகப்பனாரேயொழிய, உபதேசம் செய்கிற கனவான்கள் அல்லர். செஞ்சிக் கோட்டைக்கு 1677-ல் மராட்டியர், 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். அவர்கள் பீரங்கியோடு வந்ததைச் சரித்திரப் பெருமையென்று பேசுகிறவர்கள், நம் பிள்ளைகள் படிப்போடு போவதைக் குற்றமென்பானேன்?

ஆகவே போகலாமா என்பதல்ல கேள்வி. போன இடத்தில் உரிமையுள்ள மனிதனாய் வாழ எத்தனை வருஷமாகும் என்பதே கேள்வி. நோட்டில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை!

உரிமை இல்லாத குடியேற்றம் என்னவாகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் இரண்டு சர்க்கார்களும் கூடி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று, அவர்களைக் கேளாமலே பங்கு போட்டுக் கொண்டன. கூலிகள்தானே, நாம் படித்தவர்கள் என்று வாலிபர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்கா உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வருஷத்தில் கொடுக்கும் நிரந்தர அனுமதியில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாய் நூற்றுக்கு 7-க்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7! நம்மவர் பத்து வருஷத்திற்கு மேலும் காத்திருக்கிறார்கள். அதற்குள் கூடப்போன குழந்தைக்கு 21 வயதாகிவிட்டால், பெற்றோரோடு சேர்ந்து நிற்கும் பாத்தியதை பொதுவாய்ப் போய்விடுகிறது. துபாயிலோ எத்தனை காலம் உழைத்தாலும் சாதாரணமாய்க் குடியுரிமையே இல்லை. கனடாவில் வயது, படிப்பு, பாஷை, அனுபவம் ஆகியவற்றுக்கு மார்க்குப் போட்டு எடுக்கிறார்கள். நிரந்தர வாசம் பெற்றவர் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கிருந்தால் குடியுரிமை கேட்கலாம். ஆனால் அந்நியக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும், 2005-க்குப் பின் கொடுக்கப்படும் கடல்கடந்த இந்தியர் அட்டைக்கு ஓட்டு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

நிற்க. "நம்மவர்கள்" என்ற தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். தமிழர்களா, ஜாதியாரா? பதில் வரவில்லை. நாமே ஒரு சங்கதி சொன்னோம். பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர் அமெரிக்கப் பட்டாளத்தில் சேவித்துவிட்டுக் குடியுரிமை கேட்டார். அப்போது அது பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியது. அவர் வக்கீல்கள், இவர் உயர்ந்த ஜாதி ஆரியர், வெள்ளையர் கறுப்பரை விலக்குவதுபோல் இவர்களும் பூர்வகுடிகளை மண உறவில் விலக்குகிறவர்கள் என்று வாதாடினார்கள்! 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு, நீர் வெள்ளையர் அல்ல என்று தள்ளிவிட்டது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தார்கள். 1946-ல் வருஷத்துக்கு நூறு பேர் என்று கொஞ்சம் திறந்த கதவு, 1965-ல்தான் நன்றாய்த் திறந்தது. அந்தக் காலத்தில் சம உரிமைக்காகத் தெருவில் இறங்கி அடிபட்டவர்கள் யார்? அதே கறுப்பர்கள். இன்று அந்தக் கதவு வழியாய்ப் போனவர்கள் ஜாதியையும் பெட்டியில் கட்டிக் கொண்டுபோன காரணத்தால், சியாட்டில் நகரசபை 2023-ல் ஜாதிப் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

வாலிபர்கள் "நம்மவர்கள்" என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "எத்தனை வருஷத்தில் ஓட்டு?" என்று எழுதிக்கொண்டார்கள். கோவிலை மட்டும் ஏன் அடிக்கவில்லை என்றோம். "அம்மா கேட்பாங்க ஐயா" என்றார்கள்.