ஆயர் அறியா ஆணை

மாடு என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருள். உரோமரின் இலத்தீனத்திலும் பணத்தைச் சுட்டும் சொல் ஆநிரையைச் சுட்டும் சொல்லின் வழியே பிறந்தது. நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர், அவற்றுள் ஒன்றை ஆயர்க்கே உரியதாக்கி முல்லையெனப் பெயரும் இட்டனர். அம் முல்லையின் வழித்தோன்றல் இன்று ஆட்டு மந்தையோடு காட்டு விளிம்பில் நிற்கின்றான்; தன்னை எந்தச் சட்டம் தடுக்கின்றது, எதுவரை தடுக்கின்றது என்று அறியாமல் விழிக்கின்றான். இஃது அவன் மடமையன்று. சட்டம் அவனோடு அவன் மொழியில் பேசியதே இல்லை.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிவகாசிக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்து ஊர். பிறர் சிமெண்டு என்று சொல்லும் பைஞ்சுதையை ஆக்கும் அரசாலையால் வெளியார்க்கு அறிமுகமானது. வானம் பார்த்த மண். மழை பொய்த்தால் தீப்பெட்டித் தொழிலும் வெடித்தொழிலும் கைகொடுக்கும். அவற்றுக்கும் போகவியலாத முதியோர்க்கு ஆடும் மாடுமே வைப்புநிதி. கோடையில் கரிசல் காய்ந்து வெடிக்கும்போது ஆயன் கண் மேற்கு நோக்கித்தான் செல்லும். அங்கே மலை நிற்கின்றது. அம்மலைச் சரிவு 1988-இல் நரையணிற் புகலிடமாயிற்று. 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிந்தது. வைப்பாற்றிற்கும் வையைக்கும் நீர் தரும் மலையைக் காப்பதற்கு எந்தத் தமிழனும் தடை சொல்லான். காக்கும் முறையில்தான் வழக்கு.

2022 மார்ச்சுத் திங்களில் சென்னை உயர் வழக்குமன்றம், தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்து ஆணையிட்டது. அதே திங்களிலேயே அவ்வாணை திருத்தப்பெற்றுக் காட்டுயிர்ப் புகலிடங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றின் அளவிற்குச் சுருக்கப்பட்டது. முதலாணையும் ஆங்கிலம், திருத்தமும் ஆங்கிலம். தடை வந்தது என்னும் அச்சம் மந்தைக்கு மந்தை பரவிய விரைவில், தடை சுருங்கிற்று என்னும் செய்தி பரவியிருக்குமா? எந்த மரத்தோடு காப்பகம் முடிகின்றது, எந்த ஓடைக்கு அப்பால் பிற காடு தொடங்குகின்றது என்பதைக் காவலர் வாய்மொழியாலன்றி ஆயன் வேறெவ்வாறு அறிவான்? காவலர் மாறினால் எல்லையும் மாறும்.

இதன் வேர் ஆழமானது. இன்றும் இந்நாட்டுக் காட்டை ஆள்வது வெள்ளையன் 1882-இல் இயற்றிய சட்டமே. தமிழில் ஆ, எருமை, வெள்ளாடு, செம்மறி என்று தனித்தனி நின்றவற்றையும், குதிரை, கழுதை, பன்றி ஆகியவற்றையும் சேர்த்து ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடைத்தது அச்சட்டம். குருத்தைக் கொறிக்கும் வெள்ளாடும் புல்லை மட்டும் மேயும் பசுவும் காட்டுக்கு ஒரே தீங்கு செய்வன அல்ல என்பது ஆலங்குளத்துச் சிறுவனுக்கும் தெரியும். பின்னர், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தால் காடும் காட்டுயிர்க் காப்பும் மாநிலப் பட்டியலினின்று பிடுங்கப்பட்டுப் பொதுப்பட்டியலில் வைக்கப்பட்டன. போதாக்குறைக்கு, அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு, மாநிலம் தன் மொழியில் சட்டம் இயற்றினாலும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பையே சான்றுரையாகக் கொள்ளச் சொல்கின்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழில் எழுதினும் ஐயம் தீர்ப்பது ஆங்கிலம்! 1956-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம் காட்டு வாயிலில் நின்றுவிட்டது.

காட்டுப்பன்றிச் சிக்கலைப் பாருங்கள். இரவில் மக்காச்சோளக் கொல்லையுள் ஒரு கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் ஆண்டின் உழைப்பு அழிந்துவிடும். 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு ஒரு நெறிமுறை வகுத்தது: காப்புக்காட்டினின்று 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் காட்டுத்துறையினரே சுடலாம். உழவன் கைவைத்தால் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 இலக்கம் உருபா வரை தண்டமும் உண்டு. நெறிமுறை தீயதன்று, நெடுநாள் முறையீட்டுக்குக் கிடைத்த விடையே. ஆனால் தன் கொல்லை எந்த வளையத்துள் வருகின்றது, எவரிடம் எழுதித் தருவது என்பதை உழவனுக்கு எழுத்தில் காட்டுவோர் எவர்? வழி தெரியாதபோது சிலர் அவுட்டுக்காயை நாடுகின்றனர். வெடிமருந்தின் வாடை அறியாத வீடு அரிதான வட்டாரம் இது. இரைக்குள் பொதிந்த அவ்வெடி, பன்றியின் வாயையும் பக்கத்து வீட்டுப் பசுவின் வாயையும் வேறுபடுத்தி அறியாது. தாடை சிதைந்து நாட்கணக்கில் நீருமருந்த இயலாமல் மாடு சாவதைக் கண்டவர் அதன் கொடுமையை மறவார்.

நாயின் செய்தியும் ஈதே. இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது நடுவணரசு. இவ்வட்டாரத்துச் சிப்பிப்பாறை நாயையும் இன்று ஊரே போற்றுகின்றது. அந்நாய் முயலைத் துரத்தவே வளர்த்தெடுக்கப்பட்டது. ஆயினும் முயல் வேட்டை குற்றம் என்பதை விழாவுக்கு நாயோடு புறப்படும் இளைஞன் பிடிபட்ட பின்னரே அறிகின்றான்.

ஏறுதழுவலுக்கு 2014-இல் தடை வந்தபோது தமிழினம் கிளர்ந்தது. 2017-இல் மாநிலச் சட்டம் திருந்தியது. 2023-இல் உச்ச வழக்குமன்றமும் அதனை ஏற்றது. மேய்ப்பனுக்காகக் கடற்கரையில் எவரும் கூடவில்லை. அவன் கேட்பதும் பெரிதன்று. காப்பகத்தின் எல்லை, மேய்ச்சலுக்கு இசைவுள்ள இடம், பன்றி வளையம், முறையீட்டுக்குரிய அலுவலர் ஆகிய நான்கும் நல்ல தமிழில், ஊர்ப்பெயரும் ஓடைப்பெயரும் சுட்டி, ஊராட்சி மன்றச் சுவரில் எழுதப்படல் வேண்டும். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறுமுறை ஊரவை கூடுகின்றது. காட்டுத்துறை அலுவலர் அங்கு வந்து அதனைப் படித்துக் காட்டி, ஆயரின் ஐயங்களுக்கு அவையிலேயே விடை சொல்லல் வேண்டும். அவ்வாறு நாட்களுள் ஒன்று நவம்பர் 1. மொழிவழி மாநிலம் அமைந்த நாள். ஆலங்குளத்தார் வரும் நவம்பரிலேயே இதனைத் தீர்மானமாக முன்வைக்கலாம்.