அணு மின்சாரம் சூளைப் புகையைக் குறைக்குமா?

விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்கும் கூடங்குளம் அணு உலைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியேற்றும் கார்பன் சுமார் 820 கிராம். அணுசக்தியில் சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்தே 12 கிராம்தான் என்கிறது ஐ.நா காலநிலைக் குழுவின் 2014 அறிக்கை. பக்கத்து நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. கூடங்குளத்திலோ தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன.

ஆனால், எரிபொருளில் ஓடும் பீங்கான் சூளைக்கு 1,000 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அதை மின்சூளையாக மாற்ற சிறு பட்டறைக்காரர் முதல் போட வேண்டும். மின் கட்டணமும் கட்டுப்படியாக வேண்டும். அதுவரை எத்தனை உலை வந்தாலும் அந்தப் புகை குறையாது.

2011-ல் இடிந்தகரை மக்கள் கேட்ட பாதுகாப்புக் கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது. சுத்தமான மின்சாரம் மட்டும் போதாது. அது சின்னப் பட்டறைக்கும் கட்டுப்படியாக வேண்டும்!