பெயரை முதலில் எழுதுங்கள்



தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்குப் பாடம் நடத்துவது மட்டும்தான் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். கடிதம் எழுத, பாரம் நிரப்ப, ஜாமீன் கையெழுத்துப் போட என்று மாலை வேளையில் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். சித்திரை மாதத்தில் அப்படி வந்தார் ஒரு செம்பனைத் தொழிலாளி. என்னிடம் படித்த அவருடைய மகளுக்குக் கல்யாணம். கையில் 35,000 வெள்ளிக்கான கடன் பாரம்.

"ஒரு கையெழுத்துத்தான் டீச்சர்" என்றார்.

எனக்குப் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. காரணத்தை உங்களிடம் மறைப்பானேன்? 2005ஆம் ஆண்டில் எனக்குப் பட்டணத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஊரே மெச்சியது. அந்தக் கடனை அப்பா ஆறு வருடம் கட்டினார். மறு வருடம் எஸ்.பி.எம். எழுதிய தம்பி, ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தும் போகாமல் தொழிற்சாலை வேலைக்குப் போனான். இன்றுவரை அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் என் கல்யாணப் படங்களை எடுத்தால் எனக்கு அவன் முகம்தான் முதலில் தெரிகிறது.

"நாளைக்கு அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க அண்ணே. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று அனுப்பி வைத்தேன்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை விரித்தேன். மண்டபத்தில் 800 பேருக்கு விருந்துபசரிப்பு, தலைக்கு 40 வெள்ளி வீதம் 32,000. மேடை அலங்காரம் 6,000. படமும் வீடியோவும் 5,000. ஆகமொத்தம் 43,000 வெள்ளி. சாப்பாட்டுச் செலவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு காசு தொடாமல் சேர்த்தாலும், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

"800 பேர் என்று எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மண்டபத்தில் 800 பேருக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்களாம் டீச்சர்."

பார்த்தீர்களா? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதை மண்டபம் தீர்மானித்திருக்கிறது!

"மொய் வந்தால் கடன் அடைந்துவிடும்" என்று அவர் மொய் நோட்டை நீட்டினார். இருபத்திரண்டு வருடமாக 20, 30, 50 என்று எழுதி வைத்த நோட்டு. கூட்டிப் பார்த்தேன், 8,640 வெள்ளி. வாங்கியவர்கள் எல்லோரும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தாலும் சாப்பாட்டுச் செலவில் பாதியைத்தான் தாண்டும். அதிலும் சிலர் காலமாகிவிட்டார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அதுவரை பேசாதிருந்த அந்த அம்மா அப்போது சொன்னார்: "பணத்துக்காக இல்லை டீச்சர். அவங்க வீட்டில் எல்லாம் நான் கை நனைச்சிருக்கேன். என் வீட்டில் அவங்க ஒரு வாய் சாப்பிட வேண்டாமா?"

அந்தக் கேள்வியை ஒதுக்க முடியுமா? எளிய கல்யாணம் என்று சொல்லி, கூப்பிட வேண்டியவரைக் கூப்பிடாமல் விடுவது எளிமை ஆகாது. லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொல்லி அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தால், அந்தக் குறை காலத்துக்கும் நிற்கும்.

அதனால் பணத்தை விட்டுவிட்டு, பெயர்களை எழுதத் தொடங்கினோம். முதலில் லயத்து வீடுகள் அத்தனையும். அடுத்து, இந்த வீட்டில் ஒரு துக்கம் என்றால் அழைக்காமலே வந்து நிற்கும் உறவினர்கள். அதற்கடுத்து மாப்பிள்ளை வீட்டார் தரும் பட்டியல். முகம் நினைவுக்கு வராத பெயரை எழுதக்கூடாது என்று பெண்ணே ஒரு விதி போட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலும் வந்து சேர்ந்தபோது 310 பேர். இவர்களுக்குப் பட்டணத்து மண்டபம் எதற்கு? தோட்டத்துக் கோயிலும் அதன் திடலும் போதுமே!

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முதல்நாள் இரவு ஆண்கள் பந்தல் போட, பெண்கள் காய்கறி நறுக்கினார்கள். நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துக் கல்யாணம் இப்படித்தானே நடந்தது! வாழையிலையில் சோறும் சாம்பாரும் பாயசமும். சமையலுக்கு 4,500, புடவை வேட்டி மாலைகளுக்கு 1,800, ஐயருக்கும் மேளத்துக்கும் 1,500, பந்தல் நாற்காலிக்கு 700, படத்துக்கு 500. தாலிப் பொன் நீங்கலாக 9,000 வெள்ளியில் முடிந்தது. கடன் பாரம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பெண்ணின் பெரியப்பா, "என் தம்பி மகளுக்குக் கோயில் திடலிலா விருந்து?" என்று கோபித்துக்கொண்டு வரவில்லை. சம்பந்தியம்மாவும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளத் துணிவு வேண்டும். கடனைத் தாங்குவதற்கு அதைவிட அதிகம் வேண்டும்.

இன்னொன்று. செலவைக் குறைக்கும் வேகத்தில் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தாலி கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்தவர்களின் பிள்ளைகள், பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் முதலாம் ஆண்டுக்கு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தாய் இந்நாட்டுக் குடிமகளாக இல்லாவிட்டால், பிள்ளையின் குடியுரிமைக்கே வழக்காடும் நிலை வருகிறது. பதிவிலாகாவில் மனுக் கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். 21 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் சம்மதமும் தேவை. ஆகவே முகூர்த்தம் குறித்ததும் அங்கே போய்விடுங்கள். உங்கள் கோயிலில் துணைப் பதிவாளர் இருக்கிறாரா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பெற்றோர்களே, வரும் தையில் உங்கள் வீட்டில் கல்யாணமா? மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு நோட்டை எடுத்து வந்து, கல்யாணப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெயரை முதலில் எழுதுங்கள். அப்புறம் இடம். கடைசியில் பணம். வீட்டில் படிக்கிற தம்பி தங்கை இருந்தால், அவர்களையும் அந்த மேசைக்குக் கூப்பிடுங்கள். கடன் என்று வந்தால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டல்லவா?