பறித்தவன் எங்கோ, பழி மட்டும் நம் தலையிலா?

"வங்கிக்கு அலைய வேண்டாம், எல்லாவற்றையும் செல்போனிலேயே முடித்துக் கொள்ளுங்கள்" என்றார்கள். 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு டீக்கடை முதல் ஜவுளிக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கிலிருந்து பணம் களவு போய்விட்டால் அதே வங்கி என்ன சொல்கிறது? "ஓ.டி.பி.யை நீங்கள்தான் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை!"

இது நியாயமா என்று கேட்கிறோம்.

கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வருகிறது. ஏமாந்து அதைப் பதிந்து, கேட்ட அனுமதிகளைக் கொடுத்துவிட்டால் போதும். வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் திருடனுக்கும் போய்ச் சேரும். இங்கே கடைக்காரர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. குறுஞ்செய்தியில் சாவியை அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தது அவரா, வங்கியா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை வங்கியின் மீதே சுமத்தியது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு பைசா நட்டமும் கூடாது என்றது. இந்த விதியை எந்தக் கிளையிலாவது நமக்கு எடுத்துச் சொன்னார்களா? கடன் விளம்பரத்துக்குச் சுவரில் இடம் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லையா?

அதே சுற்றறிக்கை இன்னொன்றையும் சொன்னது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரையிலான நட்டம் நம்முடையது. புகாருக்குப் பின் போவது வங்கியுடையது. எனவே ஒன்றை மனதில் பதியுங்கள்: பணம் வாங்குவதற்கு 'பின்' எண் தேவையே இல்லை. கேட்பவன் திருடன். வாடிக்கையாளர் காட்டும் 'ஸ்கிரீன்ஷாட்'டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள்.

இளைஞர்களே! "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று வருபவனிடம் எச்சரிக்கை! அந்தக் கணக்கில் வந்து விழுவது இன்னொரு ஏழையின் பணம். அந்தக் கமிஷன் ஹலாலாகுமா? ஆதாயம் அவனுக்கு, வழக்கு உங்களுக்கு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் முடங்காதீர்கள். மௌனம் திருடனுக்கும் லாபம், வங்கிக்கும் லாபம். அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள். வங்கியில் புகார் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு கடைத்தெருவிலும் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். பணத்தை நம்பிக் கொடுத்தவன் பிச்சை கேட்கவில்லை. ஒப்படைத்த அமானிதத்துக்குக் கணக்குக் கேட்கிறான். பதில் சொல்லியே தீர வேண்டும்!