காட்டுத் தீயும் ஆகாய விமானமும்

நீலகிரி மலையில் விறகுக்கும் தைலத்துக்கும் பயிராக்கப்பட்ட யூகலிப்டஸ் மரத்தின் தாய்நாடு ஆஸ்திரேலியாவாகும். அதன் இலையிலுள்ள தைலம் எளிதில் தீப்பற்றும். பட்டையோ நார்நாராக உரிந்து தொங்கி, எரியுங்கால் கங்குகளாய்ப் பறந்து நெடுந்தூரத்துக்கு அப்பாலும் புதுத் தீயை மூட்டும். இத்தகைய காடுகளின் ஓரத்தில் ஆடு மாடு வளர்த்தும் கோதுமை விளைத்தும் வாழும் அத்தேசத்து விவசாயிகளிடையே, காட்டுத் தீயை அடக்கும் மார்க்கம் யாது என்பது பற்றி நெடுநாளாகச் சர்ச்சை நடந்து வருகிறது. வானிலிருந்து நீர் பொழியும் விமானங்களை இன்னும் பெருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. குளிர்ந்த பருவத்திலேயே சருகையும் புதரையும் சிறு தீயிட்டுக் கழித்துவிட வேண்டும் என்பது மற்றொரு கட்சி.

2019-20ஆம் வருஷக் கோடையில் நேர்ந்த பெருந்தீக்குப் பின்னர் இச்சர்ச்சை மிகவும் முற்றிற்று. அத்தீயில் 33 பேர் மாண்டனர். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 6 கோடி ஏக்கர் பூமி எரிந்தது. வேலியும் வைக்கோற்போரும் மந்தையும் ஒரே நாளில் இழந்த குடிகள், தங்கள் தலைக்கு மேல் விமானம் ஏன் வரவில்லை என்று கேட்டது இயற்கையே. 2020இல் அறிக்கையளித்த ராயல் கமிஷனும், பெரிய விமானங்களுக்கு அந்நிய நாட்டையே எதிர்பாராமல், ஆஸ்திரேலியா தனக்கெனச் சொந்தப் படை அமைத்துக்கொள்ள வேண்டுமென்று சிபாரிசு செய்தது.

ஆயினும் விமானம் செய்யக்கூடியது இன்னது, செய்யக்கூடாதது இன்னது என்பதைக் குடிகள் அறிந்துகொள்வது அவசியம். தீ சிறிதாயிருக்கையில், முதல் ஒரு மணி நேரத்துக்குள், விமானம் கொட்டும் நீர் அதன் வேகத்தைத் தணிக்கும். அவ்வளவே. கீழே மண்வெட்டியும் குழாயும் கொண்டு ஆட்கள் வந்து மிச்சத்தை அவிக்காவிடில் அது மறுபடியும் கிளம்பிவிடும். பெரிய விமானங்கள் தீக்கு முன்னே கோடாக இடும் செந்நிறக் கலவையில் பெரும்பாலும் உரமாகப் பயன்படும் அம்மோனியம் பாஸ்பேட் உப்பே சேர்ந்திருக்கிறது. (உரவிலை அறிந்த எவரும் இதைக் கேட்டுச் சற்றுப் பெருமூச்சு விடுவர்.) கடுங்காற்று வீசும் நாளில் இக்கலவை சிதறிப் போகிறது, கங்குகள் அக்கோட்டைத் தாண்டிப் பறக்கின்றன, புகையில் விமானிக்குக் கண் தெரிவதில்லை. ஆகவே எந்த நாளில் குடிகள் விமானத்தை அதிகமாய் வேண்டுகின்றனரோ அந்த நாளில்தான் அது குறைவாய்ப் பயன்படுகிறது. 2020 ஜனவரி 23ஆந் தேதி கூமா என்னும் ஊருக்கு அருகே அத்தகைய விமானம் ஒன்று விழுந்து, அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். 2019 அக்டோபரில் இடிவிழுந்து பற்றிய காஸ்பர்ஸ் மலைத் தீயோ, விமானங்களும் ஆட்களும் மாதக்கணக்கில் போராடியும் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்து, பிப்ரவரி மாதத்துப் பெருமழையிலேயே அவிந்தது.

முன்கூட்டி எரிக்கும் கட்சிக்கு அனுபவ பலம் உண்டு. அந்நாட்டு ஆதிக்குடிகள் குளிர்ந்த பருவத்தில் சிறு தீ மூட்டிக் காட்டைப் பேணிய வழக்கம் மிகப் பழமையானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1961இல் டுவெலிங்கப் என்னும் ஊர் பெரும்பாலும் எரிந்தழிந்த பிறகு, அங்குள்ள வன இலாகா இம்முறையைப் பெரிய அளவில் கைக்கொண்டது. 1965 முதல் விமானத்திலிருந்தே சிறு தீக்குளிகைகளை வீசிச் சருகை எரித்தார்கள். தீயை அவிக்கத் திணறும் விமானம், தக்க பருவத்தில் தீ வைக்க நன்கு உதவிற்று.

இதிலும் இடர் இல்லாமற் போகவில்லை. 2011 நவம்பரில் மார்கரெட் ரிவர் பகுதியில் இலாகாவே வைத்த தீ கைமீறி முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்திற்று. திராக்ஷைத் தோட்டக்காரர்களுக்கு வேறொரு குறை: பழம் முற்றுங் காலத்தில் புகை படிந்தால் அதன் ரசம் கெட்டு விலைபோவதில்லை. 173 பேரைப் பலிகொண்ட 2009ஆம் வருஷத்துத் தீக்குப் பின் விக்டோரியாவில், அரசாங்க நிலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து பங்கு எரிக்க வேண்டுமென்று விதித்தனர். கணக்கை நிரப்பும் பொருட்டு ஊருக்குத் தொலைவிலுள்ள காட்டை எரிப்பதும், ஆபத்து மிகுந்த ஊரோரத்தை விட்டுவிடுவதும் நேரக்கூடும் என்ற ஆக்ஷேபம் எழவே, பின்னர் அவ்விதி கைவிடப்பட்டது. ஏக்கர்க் கணக்கைக் காட்டிலும் இடமும் பருவமுமே முக்கியம் என்பதை விக்டோரியா செலவழித்தே கற்றது.

இரு கட்சியையும் சீர்தூக்கின், பெருந்தொகை கொடுத்துப் பெரிய விமானம் வாங்குவதைவிட, பயிருக்கு மருந்து தெளிக்கும் வகையைச் சேர்ந்த, சுமார் 3,000 லிட்டர் கொள்ளும் சிறு விமானங்களைக் கிராமாந்தரங்களுக்கு அருகே நிறுத்திப் புகை கண்டதும் அனுப்புவதும், ஊரோரத்துச் சருகைப் பருவமறிந்து கழிப்பதும், சொந்த வண்டியில் தொட்டியும் பம்பும் பூட்டி முதலில் ஓடி வரும் விவசாயிக்கு உதவுவதுமே சிலாக்கியம் எனத் தோன்றும். பத்திரிகைகளில் படமாக வருவது என்னவோ பெரிய விமானந்தான்.

தமிழ்நாட்டு மலையோரத்து மிராசுதாரருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இது அந்நிய விஷயமன்று. 2018 மார்ச்சில் தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ 23 பேரைக் கொன்றது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீயின்மேல் விமானப் படையின் ஹெலிகாப்டர் நீர் கொட்டியபோதும், தரையில் வனக் காவலரும் தீயணைப்புப் படையினரும் தழையால் அடித்தே அதை நெருக்க வேண்டியதாயிற்று. வன இலாகா வெட்டும் தீத்தடுப்புக் கோடு காட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதையடுத்த பட்டா நிலத்துப் புல்லைத் தை மாதத்திற்குள் அறுத்து அப்புறப்படுத்துவது நிலச் சொந்தக்காரர் பொறுப்பாகவே இருந்து வருகிறது.