பளபளப்புக்கு மயங்காதீங்க பாஸ்!

ரூம்மேட்ஸ் நாலு பேரும் டீக்காசை மிச்சம் பிடிச்சு, 'மச்சி, இந்த செமஸ்டராவது ஒரு கேரம் போர்டு வாங்கிடலாம்டா'ன்னு முடிவு பண்ணியாச்சா? சூப்பர்! ஆனா, கடைக்குப் போனதும் என்ன செய்வீங்க? வார்னிஷ் மின்னுற போர்டா பார்த்து, ரெண்டு தட்டு தட்டி, பேரம் பேசி, ஆட்டோவில் ஏத்திடுவீங்க. ஒரு மழைக்காலம் போகட்டும். நடுப்பலகை குழிஞ்சு, எந்தக் காயை மெதுவா தட்டினாலும் அது நடுவுக்கே வந்து உட்காரும். அப்புறம் அந்த போர்டு கட்டிலுக்கு அடியில் தூசி சாப்பிட வேண்டியதுதான்.

காசு போனதுகூடப் பெரிசில்லை. கோணலான போர்டு உங்க கையைக் கெடுத்துடும். சரியா அடிச்ச அடி தப்பாப் போகும். தப்பா அடிச்சது பாக்கெட்டில் விழும். எது திறமை, எது பலகையோட கோளாறுன்னே தெரியாது. காலேஜ் டோர்னமென்ட்டில் நல்ல போர்டில் உட்கார்ந்ததும், கை புதுசா ஆடக் கத்துக்கணும்!

அதனால், கடைக்குக் கிளம்பும்போது ஒரு இன்ச் டேப்பும் கொஞ்சம் நூலும் எடுத்துட்டுப் போங்க.

முதல்ல அளவு. ஆடுகிற பரப்பு சட்டத்துக்கு உட்புறம் 74 செ.மீ. சதுரம் இருக்கணும்; அரை செ.மீ. குறைஞ்சா பரவாயில்லை. சில கடைகளில் மரச்சட்டத்தையும் சேர்த்து வெளி அளவைச் சொல்வாங்க. உள்ளே அளந்தா குட்டி போர்டா இருக்கும். உஷார்!

அடுத்து ப்ளைவுட். போட்டி விதிப்படி குறைஞ்சது 8 மி.மீ. கனம் வேணும். பட்ஜெட் இடிச்சா ஸ்டாண்டை அப்புறம் வாங்கிக்கலாம், கனத்தில் மட்டும் கை வைக்காதீங்க. போர்டைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் குறுக்குக் கட்டைகள் ஆடாம இறுக்கமா இருக்கா?

இப்போ நூல். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, பலகையை ஒட்டி இறுக்கிப் பிடிங்க. நூலுக்கு அடியில் வெளிச்சம் தெரிஞ்சா பள்ளம். நடுவில் நூல் முட்டினா மேடு. ரெண்டுமே வேண்டாம், அடுத்த போர்டைக் கேளுங்க.

அப்புறம்தான் ஸ்ட்ரைக்கர் டெஸ்ட். பவுடர் தூவி, பேஸ் லைனிலிருந்து முழு பலத்தோட எதிர்ச் சட்டத்தை நோக்கி அடிங்க. ஸ்ட்ரைக்கர் மூணரை தடவையாவது போய்ப் போய் வரணும். இதுவும் விதியில் உள்ளதுதான். நாலு பக்கமும் அடிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் சொத்துன்னு நின்னா, அந்தச் சட்டம் சரியில்லை. மூலை இணைப்பில் நகம் நுழையிற இடைவெளி இருந்தாலும் நோ சொல்லிடுங்க.

காயும் முக்கியம். கறுப்பு 9, வெள்ளை 9, ரெட் 1. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பார்த்தா, அளவு மாறின காய் தானா மாட்டிக்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல கூடாது. 'வெயிட்டா இருந்தா பவர் தம்பி'ன்னு கடைக்காரர் சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

வாங்கின பிறகு? ஈரச் சுவரில் சாய்ச்சு வைக்காதீங்க, பலகை வளைஞ்சிடும். சமமாப் படுக்க வைங்க. ஈரத்துணியே ஆகாது, காய்ந்த துணியால் மட்டும் துடைங்க. அப்புறம், போரிக் பவுடர் உடம்புக்கு ஆகாதுங்க. கையைக் கழுவிட்டு பஜ்ஜியைத் தொடுங்க!

'ஒரு டைம்பாஸ் கேமுக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு கேட்கிறீங்களா? சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988ல் நம்ம சென்னையில்தான் பிறந்தது. சென்னைக்காரர் மரிய இருதயம் கேரமுக்காக 1996ல் அர்ஜுனா விருது வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008ல் உலக சாம்பியன். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூணு தங்கம் அள்ளிய காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுறவரோட பொண்ணு.

பெரிய மைதானமோ, விலை உயர்ந்த ஷூவோ கேட்காத விளையாட்டு இது. கேட்கிறது ஒரே ஒரு நேரான பலகை. அதையாவது சரியாப் பார்த்து வாங்குங்க. அதுக்கப்புறம் ரெட்டைப் போட்டு ஃபாலோ எடுக்கிறது உங்க விரல் பாடு!